தெரிந்தும் விடாதவர்: சிக்மண்ட் பிராய்டின் சுருட்டுப் பழக்கம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

புகைபிடிப்பவர் தம் நோயை மறுக்கிறார் என்று சொல்லும்போது, அவருக்கு விவரம் போதவில்லை என்ற எண்ணம் பெரும்பாலும் அதற்குள் இருக்கிறது. எடுத்துச் சொன்னால், படத்தைக் காட்டினால், கொஞ்சம் அச்சுறுத்தினால் விட்டுவிடுவார் என்று குடும்பத்தாரும் மருத்துவரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்ப்பதற்கு சிக்மண்ட் பிராய்டைவிடப் பொருத்தமான நோயாளி கிடைப்பது அரிது. அவர் மருத்துவம் படித்தவர். நரம்பு மண்டலத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர். மனிதர் தமக்குத் தெரிந்த ஒன்றைத் தம்மிடமிருந்தே மறைத்துக்கொள்ளும் வழிகளைப் பற்றி வாழ்நாளெல்லாம் எழுதியவர். அப்படிப்பட்டவர் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் சுருட்டுப் பிடித்தார். அவற்றுள் கடைசிப் பதினாறு ஆண்டுகள் வாய்ப் புற்றுநோயோடு கழிந்தன. அவருடைய கடிதங்களும் உடனிருந்தவர்களின் பதிவுகளும் விரிவாகக் கிடைப்பதால், மறுப்பு என்பது எப்படி இயங்குகிறது, உதவி என்று வந்தது எதைச் செய்தது, எதைச் செய்யத் தவறியது என்பதை ஆண்டுவாரியாகவே பின்தொடர முடிகிறது.

பழக்கத்தின் தொடக்கம்

1856-இல் பிறந்த பிராய்டு தம் 24-ஆம் வயதில் சிகரெட்டில் தொடங்கி, விரைவிலேயே சுருட்டுக்கு மாறினார். நாளொன்றுக்கு 20 சுருட்டு என்பது அவருடைய வழக்கமான அளவு. ஆஸ்திரிய அரசின் புகையிலை ஏகபோகம் விற்ற டிரபுக்கோ என்ற சிறு சுருட்டே அன்றாடத்துக்கு. அதைவிட நல்ல சரக்கு நாட்டு எல்லைக்கு அப்பாலிருந்து நண்பர்கள் வழியாக வந்துகொண்டிருந்தது. 1902 முதல் வியன்னாவில் பெர்க்காசே 19 என்ற முகவரியில் இருந்த அவர் வீட்டில் புதன்கிழமை மாலைகளில் கூடிய மருத்துவர் குழுவும் புகைக்கும் குழுவாகவே இருந்தது. கூட்டம் கலைந்தபின் அந்த அறைக்குள் நுழைந்தால், மனிதர்கள் இத்தனை நேரம் இங்கே மூச்சுவிட்டார்களா என்று வியப்பாக இருக்கும் என அவர் மகன் மார்ட்டின் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். தம்பி மகனுக்குப் பதினேழு வயதானபோது பிராய்டு சிகரெட் நீட்டியதாகவும், அவன் மறுத்ததும், வாழ்வின் மிகப் பெரிய, மிக மலிவான இன்பங்களுள் ஒன்றை முன்கூட்டியே துறப்பவனுக்காகத் தாம் வருந்துவதாகச் சொன்னதாகவும் ஒரு குடும்பச் செய்தி உண்டு.

தந்தை யாக்கோபும் கடுமையாகப் புகைத்தவர். 81-ஆம் வயது வரை அதை விடவில்லை. பிராய்டு தம் முன்மாதிரியாகச் சுட்டியது அவரைத்தான். “எங்க தாத்தா எண்பது வயசு வரைக்கும் சுருட்டு புடிச்சாரு, அவருக்கு என்ன ஆச்சு?” என்று நம் ஊர்ப் பெஞ்சுகளில் கேட்கும் அதே வாதம், மனப் பகுப்பாய்வை நிறுவியவரின் கையெழுத்திலும் இருக்கிறது.

அக்காலத்தில் இதெல்லாம் யாருக்குத் தெரியும் என்று கேட்கலாம். நுரையீரல் புற்றுநோய்க்கும் புகைக்கும் உள்ள தொடர்பு வலுவான கணக்குகளோடு நிறுவப்பட்டது 1950-இல்தான். ஆனால் வாய், உதடு, தொண்டைப் புற்றுநோய்களின் கதை வேறு. புகைக்குழாய் பிடிப்பவர்களுக்கு உதட்டில் புற்றுநோய் வருவதை ஜெர்மன் மருத்துவர் சோமரிங் 1795-லேயே குறிப்பிட்டிருந்தார். சுருட்டுப் பிரியரான அமெரிக்க முன்னாள் குடியரசுத் தலைவர் யுலிசிஸ் கிராண்ட் 1885-இல் தொண்டைப் புற்றுநோயால் இறந்தபோது, காரணம் சுருட்டுதான் என்று அப்போதே பேசப்பட்டது. சுருட்டுப் புகை காரத்தன்மை கொண்டதாகையால், நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் நிகோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே உடலில் ஏறிவிடும்; புண்ணும் பெரும்பாலும் அங்கேதான் முளைக்கும்.

நீண்ட இடைவெளி: 1893 முதல் 1895 வரை

பெர்லினில் மூக்கு, தொண்டை மருத்துவராக இருந்த வில்ஹெல்ம் ஃபிளீஸ், பிராய்டின் நெருங்கிய நண்பர். 1893-இல் பிராய்டுக்கு இதயத் துடிப்பு தடுமாறத் தொடங்கியபோது, புகையை அறவே விடும்படி ஃபிளீஸ் கட்டளையிட்டார். அந்த நவம்பரில் பிராய்டு எழுதிய பதிலில் ஒளிவுமறைவு இல்லை: உங்கள் தடையை நான் பின்பற்றவில்லை, துன்பத்தோடு நெடுநாள் வாழ்வதை அவ்வளவு பெரிய பேறாகவா கருதுகிறீர்கள் என்று கேட்டார். தீங்கு இல்லை என்று அவர் சொல்லவில்லை. தீங்கை ஒப்புக்கொண்டு, இழப்பதற்கு மதிப்பில்லாத ஒன்றையே இழக்கிறேன் என்று கணக்கை மாற்றிப் போட்டார். ஆலோசனை அறைகளில் அதிகம் கேட்கும் மறுப்பு இந்த வகைதான். விவரம் தந்து இதைத் திருத்த முடியாது.

1894 வசந்தத்தில் நிலைமை மோசமாயிற்று. ஒழுங்கற்ற துடிப்பு, மார்பில் எரிச்சலும் அழுத்தமும், இடக்கையில் பாயும் வலி, மூச்சுத் திணறல். பிராய்டு புகையை நிறுத்தினார். ஏப்ரல் 19 தேதியிட்ட கடிதத்தில், நிறுத்திய சில நாள்களிலேயே, புகைத்த காலத்தில் ஒருபோதும் இல்லாத அளவுக்கு இதயத் தொல்லை கூடியதாகவும், வழக்கமான வேலை வெறியின் இடத்தை மரணக் காட்சிகளும் விடைபெறும் காட்சிகளும் பிடித்துக்கொண்டதாகவும் எழுதினார். எந்நேரமும் நரம்புக் கோளாறுகளோடு மல்லாடும் ஒரு மருத்துவருக்கு, தம் மனச்சோர்வு நியாயமானதா, கற்பனை நோயா என்று தெரியாமல் போவது எவ்வளவு சங்கடம் என்ற புலம்பலும் அதில் உண்டு.

இன்றைய கண்ணோடு பார்த்தால் அக்கடிதத்தில் இரண்டு செய்திகள் பின்னிக் கிடக்கின்றன. இதயத்தில் உண்மையிலேயே ஏதோ இருந்திருக்கலாம். பின்னாளில் அவருடைய மருத்துவரான மாக்ஸ் ஷூர் அவ்வாறே கருதினார். ஆனால் பதற்றம், எரிச்சல், சோர்வு, வேலையில் மனம் ஒட்டாமை ஆகியவை நிகோட்டின் விலகல் அறிகுறிகள். முதல் வாரத்தில் உச்சத்தை எட்டி, பொதுவாக மூன்று நான்கு வாரங்களில் தணிபவை. 1894-இல் இப்படியொரு தொகுப்பு இருப்பதாக எந்த மருத்துவரும் அவரிடம் சொல்லியிருக்க முடியாது. அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 1964 அறிக்கைகூடப் புகையை வெறும் பழக்கம் என்றே வகைப்படுத்தியது. நிகோட்டின் அடிமைப்படுத்தும் பொருள் என்று அதே பதவியிலிருந்து அறிக்கை வர 1988 ஆயிற்று. எனவே விலகலின் துன்பத்தைப் பிராய்டு நோயின் துன்பமாகப் படித்தார். நிறுத்தியதால் நலம் கெட்டது என்ற முடிவுக்கு அவர் வந்தது பிடிவாதத்தால் மட்டும் அல்ல.

இதற்கிடையில் மருத்துவர்கள் முரண்பட்டார்கள். வியன்னாவில் மூத்த நண்பர் யோசஃப் பிராயர் இதயத் தசையின் நாள்பட்ட அழற்சியாக இருக்கலாம் என்று ஐயுற்றார். ஃபிளீஸ் நிகோட்டின் நச்சேதான் என்று நின்றார். பிராய்டு, தம்மிடம் ஏதோ மறைக்கப்படுவதாகச் சந்தேகித்து, உண்மையைச் சொல்லுங்கள் என்று ஃபிளீஸை வற்புறுத்தினார். இந்த வற்புறுத்தலில் நேர்மையோடு ஒரு நப்பாசையும் கலந்திருந்தது என்பது என் கருத்து. இதயத் தசைதான் பழுது என்று தீர்ப்பானால் சுருட்டு விடுதலையாகிவிடும். கொடிய நோயைக்கூட ஏற்றுக்கொள்ள ஒருவர் ஆயத்தமாக இருப்பதும், காரணம் புகை என்பதை மட்டும் ஏற்க மறுப்பதும் முதல் பார்வைக்கு விந்தையாகத் தோன்றும். புகைவிடுதல் ஆலோசனையில் இருப்பவர்களுக்கு அது பழகிய காட்சி.

எப்படியிருந்தாலும், பதினான்கு மாதங்கள் அவர் புகைக்காமல் இருந்தார் என்பதே இந்த வரலாற்றில் மிகவும் கவனிக்க வேண்டிய செய்தி. வேறெந்தக் காலத்திலும் அவரால் இது முடியவில்லை. அக்காலத்தில் மட்டும் இருந்தது எது? ஒவ்வொரு வேதனையையும் எழுதி அனுப்ப ஒருவர் இருந்தார். அதைப் படித்துப் பதில் எழுதவும் செய்தார். ஃபிளீஸின் மருத்துவக் கொள்கைகள் பலவும் பின்னர் பொய்த்துப்போனவை. ஆனால் தடையை விதித்துவிட்டு விலகாமல், அன்றாடத் துன்பத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர் என்ற வகையில், பிராய்டுக்குக் கிடைத்த ஒரே புகைவிடுதல் துணை அவர்தான்.

1895 ஜூன் 12 தேதியிட்ட கடிதத்தில் பிராய்டு மீண்டும் புகைக்கத் தொடங்கியதைத் தெரிவிக்கிறார். பதினான்கு மாதங்களுக்குப் பிறகும் ஏக்கம் தீரவில்லை; உள்ளே இருக்கும் அந்த மனக் கருவியை நல்லபடி கவனிக்காவிட்டால் அது எனக்காக உழைக்காது என்பது அவர் சொன்ன காரணம். சொல்லாத காரணம் ஒன்றும் இருந்திருக்கலாம். அவ்வாண்டு தொடக்கத்தில் பிராய்டின் நோயாளி எம்மா எக்ஸ்டைனுக்கு ஃபிளீஸ் மூக்கில் அறுவை செய்தார். உள்ளே மறந்துவிடப்பட்ட நீண்ட துணிப்பட்டியை மார்ச்சில் வேறொரு மருத்துவர் உருவி எடுத்தபோது அப்பெண் இரத்தப் பெருக்கில் சாவின் விளிம்புக்குச் சென்று மீண்டார். பிராய்டு நேரில் பார்த்தார். நண்பரைப் பழியிலிருந்து காக்கவும் முயன்றார். மூன்று மாதம் கழித்துச் சுருட்டு திரும்பிவிட்டது. இதை நிறுவ வழியில்லை. ஆனால் துணை நிற்பவர்மேல் உள்ள நம்பிக்கை விரிசல் காண்பதும் பழக்கம் மீள்வதும் அடுத்தடுத்து நிகழ்வதைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை.

1917: ஐம்பது சுருட்டுகள்

இரு பதிற்றாண்டுகளுக்குப் பின், முதல் உலகப் போரின் பற்றாக்குறைக் காலம். 1917 நவம்பரில் ஹங்கேரிய நண்பர் ஃபெரென்சிக்கு எழுதிய கடிதத்தில், கடைசிச் சுருட்டும் தீர்ந்ததிலிருந்து எரிச்சலும் களைப்பும் படபடப்பும் வந்ததாகவும், அண்ணத்தில் இருந்த வலியுள்ள வீக்கம் மோசமானதாகவும் சொல்கிறார். பிறகு நோயாளி ஒருவர் ஐம்பது சுருட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்றைப் பற்றவைத்ததும் உற்சாகம் திரும்பி, அண்ணத்து வீக்கமும் விரைவில் வடிந்துவிட்டதாம். பின்னாளில் புற்றுநோய் தோன்றிய அதே அண்ணம். வாயில் வந்த வீக்கத்துக்குச் சுருட்டு மருந்தாகிவிட்ட இந்தக் குறிப்பை மறுப்பின் முழு வடிவம் என்று சொல்லலாம். அதே நேரத்தில், சுருட்டைக் கொண்டுவந்தது யார் என்பதையும் விட்டுவிடக் கூடாது. நோயாளிகள் கொடுத்தார்கள்; சீடர்களில் மாக்ஸ் ஐட்டிங்கன் தொடர்ந்து வாங்கி அனுப்பினார். அவரை நேசித்தவர்கள் நேசத்தைக் காட்டிய வழிகளுள் இதுவும் ஒன்று.

1923: யார் யாரிடம் மறைத்தார்கள்

1923 பிப்ரவரியில் வலப்புறத் தாடையிலும் அண்ணத்திலும் ஒரு வளர்ச்சி இருப்பதைப் பிராய்டே கண்டார். ஏறத்தாழ இரண்டு மாதம் யாரிடமும் பேசவில்லை. பேசினால் முதல் சொல்லாக எது வரும் என்று அவருக்குத் தெரியும். ஏப்ரலில் தோல் மருத்துவர் மாக்சிமிலியன் ஸ்டைனர் பார்த்தார். பிறகு பிராய்டின் மருத்துவரான ஃபீலிக்ஸ் டாய்ச் பார்த்தார். டாய்ச்சுக்கு முதல் பார்வையிலேயே புற்றுநோய் என்று புரிந்தது. ஆனால் துன்பத்தோடு சாக நேரிட்டால் கண்ணியமாக உலகைவிட்டு மறைய உதவ வேண்டும் என்று பிராய்டு கேட்டது அவரை அச்சுறுத்தியிருக்க வேண்டும். லூக்கோபிளேக்கியா எனப்படும் வெண்படலம்தான், புகையால் வந்தது, வெட்டி எடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 20 அன்று மார்க்குஸ் ஹாயெக் என்ற மூக்கு மருத்துவர் புறநோயாளிப் பிரிவிலேயே அறுவை செய்தார். குடும்பத்துக்குச் சொல்லாமல் தனியே போயிருந்த பிராய்டுக்கு இரத்தம் நிற்காமல் பெருகியது. அழைப்பு மணி வேலை செய்யாத ஒரு சிறு அறையில் உடனிருந்த இன்னொரு நோயாளி ஓடிப்போய் ஆள் அழைத்துவந்ததால்தான் பிழைத்தார். சில நாள்களில், பின்னர் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதிய சீடர் எர்னஸ்ட் ஜோன்சுக்கு எழுதும்போது, இந்தத் திசுக் கலகத்துக்குப் புகையைக் குற்றஞ்சாட்டுகிறார்கள் என்று குறிப்பிட்டார். குற்றஞ்சாட்டுவது பிறர், அவர் சாட்சியாகக்கூட நிற்கவில்லை.

அந்த ஜூனில் நான்கு வயதுப் பேரன் காசநோயில் இறந்தான். பிராய்டு அழுததாகப் பதிவாகியிருப்பது இந்த ஒரு துக்கத்துக்குத்தான் என்பார்கள். கோடையில் வட இத்தாலியில் கூடிய நெருங்கிய சீடர்களிடம் டாய்ச் உண்மையைச் சொன்னார். சொல்வதா வேண்டாமா என்று அவர்கள் விவாதித்து, நேராகச் சொல்லாமலே அறுவைக்கு இணங்கவைக்கும் வழி தேடினார்கள். செப்டம்பரில் மகள் அன்னாவோடு ரோமுக்குப் போகும் ரயிலில் பிராய்டின் வாயிலிருந்து திடீரென்று இரத்தம் பீறிட்டது. திரும்பியதும் தாடை அறுவை மருத்துவர் ஹான்ஸ் பிக்லர் பொறுப்பேற்றார். அக்டோபரில் இரண்டு கட்டங்களாக வலது மேல்தாடையின் பெரும்பகுதியும் அண்ணமும் அகற்றப்பட்டன. வாயையும் மூக்கையும் பிரிக்க ஒரு செயற்கை அண்ணம் பொருத்தப்பட்டது. அதை வீட்டில் பூதம் என்றே அழைத்தார்கள். பேச்சு குழறியது, வலது காது மந்தமானது. அதன்பின் வாழ்ந்த பதினாறு ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைகள்.

சீடர்கள் கூடி மறைக்கத் தீர்மானித்ததைப் பல ஆண்டுகளுக்குப்பின் ஜோன்ஸ் சொன்னபோது, எந்த உரிமையில் என்று பிராய்டு சீறினார். டாய்ச்சை அதற்கு முன்பே மருத்துவர் பொறுப்பிலிருந்து விலக்கியிருந்தார். அவருடைய சினம் நியாயமானது. புற்றுநோய் என்ற சொல் இல்லாமல் சொல்லப்பட்ட “புகையை விடுங்கள்”, முப்பது ஆண்டுகளாக அவர் கேட்டுப் பழகிய அறிவுரையாகவே காதில் விழுந்திருக்கும். இருந்தாலும், அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால் விட்டிருப்பார் என்று எழுத எனக்குத் துணிவில்லை. அக்டோபருக்குப்பின் எல்லாம் தெரிந்தது. தாடை போனபின்னும் சுருட்டு போகவில்லை.

1929-உம் 1930-உம்

1929-இன் தொடக்கத்தில் சில வாரங்கள் இடைவெளியில் நிகழ்ந்த இரண்டு செய்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிப்ரவரி 12 அன்று, புகைப் பழக்கம் பற்றிய ஒரு கேள்விக்கு எழுதிய பதிலில், தம் நாற்பது வயதுக்கு முன் இதயக் கோளாறால் ஒன்றரை ஆண்டு புகையை நிறுத்த நேர்ந்ததாகவும், அது நிகோட்டினால் இருக்கலாம் என்றாலும் பெரும்பாலும் இன்ஃப்ளுயன்சாவின் பின்விளைவாகவே இருந்திருக்கும் என்றும், தம் உழைப்புத் திறனுக்கும் தன்னடக்கத்துக்கும் சுருட்டுக்கே கடன்பட்டிருப்பதாகவும் எழுதினார். பதினான்கு மாதம் நினைவில் ஒன்றரை ஆண்டாக வளர்ந்திருக்கிறது. செயற்கை அண்ணம் அணிந்த ஒருவர் எழுதிய அந்தப் பதிலில் புற்றுநோய்க்கு இடமில்லை.

மார்ச்சில் இளம் மருத்துவர் மாக்ஸ் ஷூர் பொறுப்பேற்றார். பிராய்டு அவரிடம் இரண்டு வாக்குறுதிகள் கேட்டார்: எப்போதும் உண்மையைச் சொல்ல வேண்டும், நேரம் வரும்போது வீணாகத் துன்புற விடக்கூடாது. ஆக, உண்மையைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று கேட்டவரும் இன்ஃப்ளுயன்சாவைக் காரணம் காட்டியவரும் ஒருவரே. ஒரே மனத்தில் ஓர் உண்மையை ஏற்கும் பகுதியும் அதைத் தள்ளும் பகுதியும் சண்டையின்றி அருகருகே வாழ முடியும் என்பதை 1927-இல் ஒரு கட்டுரையில் விளக்கியவரும் அவரே. 1897 டிசம்பரில் ஃபிளீசுக்கு எழுதும்போது மது, மார்ஃபின் ஆகியவற்றோடு புகையிலையையும் அடிமைப் பழக்கங்களின் வரிசையில் வைத்திருந்தார். அந்த வரியை அவர் பின்னர் விரித்தெழுதவே இல்லை.

1930 வசந்தத்தில் இதயமும் வயிறும் தொல்லை தர, வியன்னாவின் கோட்டேஜ் சானடோரியத்தில் சேர்ந்தார். புகையை முற்றாக நிறுத்தினார். மே 8 அன்று, அதாவது 74-ஆம் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் கழித்து, தோழி லூ ஆந்திரேயாஸ்-சலோமேக்கு எழுதிய கடிதத்தில், ஐம்பது ஆண்டுகளாக வாழ்க்கைப் போரில் தமக்குக் காப்பாகவும் ஆயுதமாகவும் இருந்த ஒன்றைக் கைவிட்டுவிட்டதாகவும், உடல் தேறியிருந்தாலும் மகிழ்ச்சி கூடவில்லை என்றும் சொல்கிறார். ஜோன்ஸ் தரும் விவரப்படி அந்த விரதம் 23 நாள் நீடித்தது. பிறகு நாளுக்கு ஒரு சுருட்டு. சில மாதங்களில் இரண்டு. ஆண்டிறுதியில் மூன்று நான்கு, அதுவும் இதய மருத்துவர் பிரவுனின் கைதட்டலோடு.

அந்தக் கைதட்டலை முழுக்கப் பழிக்க முடியாது. இருபதிலிருந்து நான்குக்கு இறங்குவது இதயத்துக்கு ஆதாயம்தான். ஆனால் மீண்டும் மீண்டும் வெண்படலம் தோன்றி, பிக்லர் மீண்டும் மீண்டும் சுரண்டியும் சுட்டும் எடுத்துக்கொண்டிருந்த ஒரு வாய்க்கு நான்கு என்பது பாதுகாப்பான எண் அல்ல. 1936-இல் எடுத்த திசுவில் புற்றுநோய் மறுபடி தென்பட்டது. 1938 ஜூனில் நாஜிகளிடமிருந்து தப்பி லண்டன் போனபின், செப்டம்பரில் பிக்லர் விமானத்தில் வந்து பெரிய அறுவை ஒன்றைச் செய்தார். 1939 தொடக்கத்தில் இனி அறுவைக்கு இடமில்லை என்றானது. பழைய வாக்குறுதியை ஷூர் மார்ஃபினால் நிறைவேற்ற, செப்டம்பர் 23 அன்று 83-ஆம் வயதில் பிராய்டு இறந்தார். நோய்க்காலம் முழுவதும் செவிலியாக இருந்தவர் அன்னா; உணர்ச்சிவசப்படும் பேச்சுக்கு இடமில்லை என்று தொடக்கத்திலேயே இருவரும் உடன்பட்டிருந்தார்கள். மனிதர் தம்மைக் காத்துக்கொள்ளும் மனத் தற்காப்புகளைப் பற்றி 1936-இல் நூல் எழுதியவரும் அந்த மகள்தான்.

ஆய்வுரை

அறிவுரைக்குப் பஞ்சமில்லாத நோயாளி இவர். ஃபிளீஸ், ஸ்டைனர், டாய்ச் என்று விடச் சொன்னவர்கள் பலர். தடை வந்தது, ஒளிப்பு வந்தது, பரிசுச் சுருட்டும் வந்தது. ஷூரின் நேர்மையும் அன்னாவின் பணிவிடையும்கூட வந்தன. ஆனால் அந்தக் கடைசி இரண்டும் வலியைத் தாங்குவதற்கான துணைகளாகவே நின்றுவிட்டன. மறுப்பு அவருடைய மனத்துக்குள் மட்டும் இருக்கவில்லை என்பதே இதில் நான் காண்பது. இரண்டு மாதம் அவர் மறைத்தார். அடுத்த ஐந்து மாதம் அவரைச் சூழ்ந்தவர்கள் மறைத்தார்கள். இரு தரப்புக்கும் இடையே சுருட்டுப் பெட்டி தடையின்றிப் போய்வந்தது.

சுருட்டு இல்லாமல் எழுத முடியாது என்று அவர் சொன்னதைச் சாக்கு என்று ஒதுக்கியவர்கள்தான் பெரும்பாலும் தோற்றார்கள். அந்தக் கூற்றில் பாதி உண்மை இருக்கிறது. நிகோட்டின் கவனத்தைக் கூர்மையாக்கும்; ஆனால் நெடுநாள் பழகியவருக்கு அந்தக் கூர்மையில் பெரும்பங்கு, விலகலால் ஏற்பட்ட மந்தம் நீங்குவதன் விளைவுதான். இதை நோயாளியிடம் வாதமாக வைத்தால் எடுபடாது. வேலை கெடும் அந்த மூன்று நான்கு வாரங்களுக்கு என்ன ஏற்பாடு என்று அவரோடு உட்கார்ந்து திட்டமிட்டால் எடுபடக்கூடும்.

இன்று இப்படியொருவர் வந்தால் தலையிட வேண்டிய நாள் எது என்று கேட்டால், 1923-ஐ நான் சொல்லமாட்டேன். அந்த ஆண்டு அச்சமும் துக்கமும் நிரம்பியது, அச்சம் அவரை ஒருபோதும் நிறுத்தவைத்ததில்லை. 1930 மே 8-ஐச் சொல்வேன். அவர் தாமாகவே நிறுத்தியிருந்தார். மருத்துவமனைச் சூழலில் இருந்தார். எதை இழந்தேன் என்பதை, காப்பு, ஆயுதம் என்று தம் சொற்களிலேயே வரையறுத்திருந்தார். இதயத்தைக் கணக்கில் கொண்டு அளவு தீர்மானித்த நிகோட்டின் ஒட்டுப்பட்டை, ஷூரைப் போன்ற ஒருவரோடு வாரந்தோறும் ஓர் உரையாடல், ஐட்டிங்கனுக்கு இனி சுருட்டு அனுப்ப வேண்டாம் என்று ஒரு கடிதம், ஒருகாலத்தில் ஃபிளீஸோடு இருந்த அந்தக் கடிதப் பழக்கத்துக்கு ஒரு புதிய முகவரி: 23-ஆம் நாளுக்கு முன் இவற்றில் இரண்டு மூன்றையாவது செய்திருக்க வேண்டும். இவற்றுள் ஒட்டுப்பட்டை ஒன்றுதான் 1930-இல் கிடைக்காதது.